நாமும் நாங்களும்

அத்தியாயம் 9

போன வாரம் அக்காவைத் தொப்பிக் கடையில் விட்டுவிட்டு வந்தோம். நாலு தொப்பிகளை மாற்றி மாற்றித் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் எடுத்த வெள்ளைத் தொப்பியையே வாங்கிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்தவை எண்ணெயும் அடுத்தவர் வேலையும்தான். தொப்பி ஏறியது இதுவே முதல் தடவை.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. அக்கா ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறாள். பாடப்புத்தகம், வங்கிப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுச் சீட்டு, எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவாள். அச்சகத்தில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது, இரண்டே வருடத்தில் முடிந்தும் போனது. அந்தக் கண்ணீரை எல்லாம் நாலாவது அத்தியாயத்திலேயே அழுது தீர்த்துவிட்டோம். அவளுக்கென்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு தம்பி.

அந்தத் தம்பி மூன்று வாரத்துக்கு முன்னால் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினான்.

'அக்கா, நாங்க 17ம் தேதி கப்பல்ல போறோம். ஆறு நாள். நீ லீவு போட்டுட்டு அன்னிக்குக் காலையிலேயே வந்துடு. உன் அடையாள அட்டை நகல் அனுப்பு.'

அக்கா அதைப் படித்தாள். இரண்டாவது வார்த்தை அவள் கண்ணில் தூசியாக உறுத்தியது. என்னையும் சேர்த்துத்தானே கூப்பிடுகிறான்? அப்படியென்றால் 'நாம' என்றல்லவா இருக்க வேண்டும்? கேட்கிற ஆளைச் சேர்த்துச் சொன்னால் 'நாம', ஒதுக்கிச் சொன்னால் 'நாங்க'. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது. வேறு பாஷைக்காரர்களோடு பத்து வருடம் வேலை பார்த்ததில் தம்பிக்குத் தமிழ் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினாள். மனசுக்குள்ளேயே 'நாங்க'வைச் சிவப்பில் அடித்து, மேலே 'நாம' என்று எழுதிக்கொண்டாள். மற்றவர் பிழையைத் திருத்தித் திருத்தியே பழகிய கை அல்லவா, சும்மா இருக்குமா?

அதற்குப் பிறகு எல்லாமே சரியாகப் பொருந்தியது. "பால்கனி இருக்காடா?" என்று போனில் கேட்டாள். "இருக்குக்கா. நின்னா நேரா கடல்தான்" என்றான். "கடல் காத்து எனக்கு ஒத்துக்குமா?" என்றாள். "ரெண்டு நாள்ல பழகிடும், எங்களுக்குப் பழகலையா?" என்றான். அவர்கள் புதிதாகக் குடிபோயிருக்கும் பதினோராம் மாடி வீடு கடற்கரையில் இருக்கிறது என்பதை அக்கா ஏனோ அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை.

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக லீவு கேட்டாள். அச்சக முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "கப்பலா? நீங்களா?" என்றார். அந்த 'நீங்களா'வுக்காகவே கட்டாயம் போய்த் தீர வேண்டும் என்று அக்காவுக்கு வீம்பு வந்துவிட்டது. அச்சகம் முழுக்கச் செய்தி பரவியது. பக்கம் வடிவமைக்கிறவர் தன் பையனுடைய தூரதரிசனக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்து, "டால்ஃபின் வந்தா பாருங்கக்கா" என்றார்.

இன்று பதினேழாம் தேதி.

காலை ஐந்து நாற்பது ரயில் பதினொரு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். கப்பலில் ஏற இரண்டிலிருந்து நாலு மணி வரை நேரம். ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படும். அக்கா இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒற்றுப்பிழை பார்த்து, கைப்பையில் வைத்திருந்தாள்.

ஒன்பது இருபதுக்கு ரயில் நின்றது.

இரண்டு பக்கமும் செங்கல் சூளை. நடுவில் ரயில். பத்து நிமிடம் யாரும் கவலைப்படவில்லை. அரை மணி நேரம் ஆனதும் ஆளாளுக்கு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். எதிர் இருக்கையில் இருந்த மருந்துக் கம்பெனி விற்பனையாளர் கீழே இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"முன்னால ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டிருக்காம். மூணு பெட்டி கீழ இறங்கிடுச்சு. சாயங்காலம்கூட ஆகலாம்கிறாங்க. நீங்க எதுவரைக்கும்மா?"

"துறைமுகம். நாலு மணிக்குள்ள கப்பல் ஏறணும்."

"அட, கப்பலா! யார் யாரு?"

"தம்பி, தம்பி மனைவி, நான். நாங்க மூணு பேரும் போறோம்."

இந்த இடத்தில் 'நாங்க' என்பதுதான் சரி, விற்பனையாளர் வரவில்லையே. சரியான வார்த்தையைச் சரியான இடத்தில் சொல்லிவிட்ட திருப்தி ஒரு பக்கம், அந்த மூன்று பேரில் தானும் ஒருத்தி என்ற பெருமை ஒரு பக்கம். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

கைப்பேசி அடித்தது. தம்பி.

"எங்கக்கா இருக்கே?"

"வண்டி நின்னு போச்சுடா. முன்னால ஏதோ தடம் புரண்டிருக்காம்."

"ஐயோ! எப்போ கிளம்புமாம்?"

"தெரியலைங்கறாங்க."

"அக்கா, நீ வராம நாங்க எப்படிக் கிளம்ப முடியும்? நீ வந்தாத்தான் எல்லாமே. எப்படியாவது வந்துடுக்கா."

நீ வந்தால்தான் எல்லாமே. இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. கட்டினவன்கூட, வந்தால் வா, வராவிட்டால் இரு என்றுதான் இருந்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தரைக்கு மறுபடியும் போன்.

"ஏதாவது பண்ணுக்கா. இவ இங்க கையைப் பிசைஞ்சுட்டு நிக்கறா."

"இப்படிப் பண்ணலாம்டா. நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. நான் நேரா துறைமுகத்துக்கே வந்துடறேன்."

"துறைமுகத்துக்கு எதுக்கு? வேணாம் வேணாம். நீ வீட்டுக்கு வா. வீட்டுக்குத்தான் வரணும்."

பாரேன், என்னைத் தனியாக அலையவிட மனசு வரவில்லை அவனுக்கு, சேர்ந்துதான் போக வேண்டும் என்கிறான் என்று அக்கா நினைத்தாள். விற்பனையாளரிடம் இதைச் சொல்லவும் செய்தாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியா! கொடுத்துவச்சவங்கம்மா நீங்க" என்றார் அவர்.

கொடுத்துவைத்தவள் ரயிலில் சும்மா உட்கார்ந்திருக்கலாமா? எழுந்தாள். ரயில் பெட்டிக்கும் தரைக்கும் ஓர் ஆள் உயரம். ஏணிப்படியில் ஒரு காலை வைத்து, அடுத்த காலுக்கு இடம் தேடி, கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். முழங்காலில் சுரீர் என்றது. விற்பனையாளர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். புதுக் கான்வாஸ் ஷூவோடு ஜல்லிக் கற்கள்மேல் முக்கால் மணி நேரம் நடந்தாள். உருட்டிக்கொண்டு போகிற பெட்டி ஜல்லியில் உருளுமா? தூக்கிக்கொண்டுதான் நடந்தாள். வெயில் ஏறியபோது தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். இதற்குத்தான் வாங்கினேன் போல என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிற தெம்பு அப்போது இருந்தது.

ரயில்வே கேட்டில் தண்ணீர்க் கேன் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் இரக்கப்பட்டுப் பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். அங்கே பேருந்து கிளம்பவே நாற்பது நிமிடம். வழியில் ரயிலை விட்டு வந்த கூட்டமெல்லாம் ஏற, நின்று நின்று போனது. அதற்குள் தம்பி ஆறு தடவை கூப்பிட்டுவிட்டான். "எங்கக்கா வந்திருக்கே?" என்று அவன் ஒவ்வொரு தடவையும் கேட்டது அக்காவுக்கு இனித்தது. பக்கத்தில் நின்ற பெண் "வீட்டுல ரொம்பத் தேடறாங்க போல" என்று சொன்னதும் இன்னும் இனித்தது.

அவள் டாக்சியில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் வந்து இறங்கியபோது மணி இரண்டு ஐம்பது. காலில் கொப்புளம். முடியெல்லாம் புழுதி. ஆனாலும் ஜெயித்துவிட்டாள்.

வாசலில் காவலாளி ஒரு நீளமான நோட்டைத் தள்ளினார்.

"பதினொன்னாம் மாடிதானே? உங்க விவரமெல்லாம் ஏற்கனவே எழுதியிருக்கு, கையெழுத்து மட்டும் போடுங்க. மூணு நாளைக்கு மேல தங்கறவங்களுக்கு அடையாள அட்டை நகல் வேணும்னு முன்னாடியே வாங்கி ஒட்டியாச்சு."

அச்சடித்த காகிதமோ எழுதிய காகிதமோ கண்முன் வந்தால் அக்காவால் படிக்காமல் இருக்க முடியாது. அவள் அட்டையின் நகல்தான், ஓரத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தது. அதற்கு நேரே பெயர். தங்கும் நாள்: ஆறு. தங்கும் காரணம் என்ற கட்டத்தில், தம்பியின் கோணல் கையெழுத்தில், 'நோயாளியைப் பார்த்துக்கொள்ள'.

அக்கா மறுபடி படித்தாள். 'ப்' சரியாக இருந்தது. 'க்' சரியாக இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

"இது தப்பு" என்றாள்.

"என்ன தப்பு?"

"யாரோடதையோ மாத்தி எழுதியிருக்காங்க. நான் இங்க தங்க வரலை. பெட்டியைக்கூட இறக்காம இப்படியே கப்பலுக்குப் போறோம்."

சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் நீக்குக் குறியாக ஒரு சுழி. பதினெட்டு வருடத்துக் கை, யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்துவிட்டது.

"ஏம்மா, ஏம்மா! ரெஜிஸ்டர்ல கிறுக்கறீங்களே!" காவலாளி நோட்டைப் பிடுங்கினார். "அந்த சாரே வந்து கைப்பட எழுதினது இது. அவர் மாமியாருக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகியிருக்கு. பார்த்துக்க அக்கா வராங்கன்னு அவர் வாயாலதான் சொன்னாரு. நீங்கதானே அக்கா?"

"நான்தான்" என்றாள் அக்கா.

லிஃப்ட் மேலே போகப் போக, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். மாமியார் மூத்த பெண் வீட்டில் அல்லவா இருக்கிறார்? காவலாளி வேறு வீட்டைச் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால், பெட்டியை எடுக்கிற வரைக்கும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பான். பதினோராம் மாடி வந்தபோது சமாதானங்கள் தீர்ந்துபோயிருந்தன.

லிஃப்ட் வாசலிலேயே இரண்டு பெட்டிகள் நின்றுகொண்டிருந்தன. இரண்டே இரண்டு.

"அப்பாடா, வந்துட்டியா!" தம்பி ஓடிவந்தான். கட்டிக்கொள்ளத்தான் வருகிறான் என்று அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். அவன் அவள் கையில் ஒரு தாளைத் திணித்தான்.

"மாத்திரை லிஸ்ட். காலையில மூணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி மூணு. மஞ்சள் மாத்திரை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால. அத்தை உள்ள படுத்திருக்காங்க. பாத்ரூம் போகணும்னா உன் கழுத்தைச் சுத்திக் கையைப் போடச் சொல்லி அப்படியே தூக்கணும், இடுப்பு திரும்பவே கூடாது. மூத்தவங்க வீட்டுல முடியாதுன்னுட்டாங்க, அதான் இங்க. பிசியோதெரபிஸ்ட் நம்பர் பின்பக்கம் இருக்கு. டாக்சி கீழ நிக்குதுக்கா, நேரமே இல்லை."

அக்கா தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் இன்னும் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தது தம்பி மனைவிதான். தொப்பியைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய தூரதரிசனக் கண்ணாடியைப் பார்த்தாள். கண் பரிசோதகர் வேலை அவளுக்கு, பார்ப்பதில் பிசகமாட்டாள்.

"என்னங்க" என்றாள் மெதுவாக. "நீங்க அண்ணிகிட்ட சொல்லலையா?"

"எதை?"

"அம்மாவைப் பார்த்துக்கத்தான் வரச் சொல்றோம்னு."

"நீ சொல்லலையா?"

"உங்க அக்கா, நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"உன் அம்மா விஷயம், நீ பேசியிருப்பேன்னு நான் நினைச்சேன்."

இப்போதுதான் தம்பி அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. இதை அக்கா கடைசி வரைக்கும் மறக்கமாட்டாள். சட்டென்று அதை விழுங்கினான் என்பதும் உண்மைதான், ஆனால் முதலில் வந்தது சிரிப்பு.

"அக்கா, நீ கப்பலுக்குன்னு நினைச்சியா? தெளிவா 'நாங்க'ன்னுதானேக்கா போட்டேன்? 'நாம'ன்னா போட்டேன்? புரூஃப் பார்க்கற உனக்கா அது தெரியாது?"

தெரியும். உலகத்திலேயே அது நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அவன் எழுதியதில் பிழையே இல்லை, திருத்தியவள்தான் பிழை.

கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள் அக்கா. "போயிட்டு வாங்க."

"வந்ததும் பேசறேன்க்கா. கோவிச்சுக்காதே என்ன?"

லிஃப்ட் கதவு மூடுகிற நேரத்தில் தம்பி மனைவி குறுக்கே கையை வைத்தாள். "அண்ணி, நான் வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தாள். தம்பி கடிகாரத்தைத் தட்டிக் காட்டி அவள் கையை இழுத்துக்கொண்டான். கதவு மூடியது.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வரவேற்பறைக்குள் போனாள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை. நின்றால் நேரே கடல்தான்.

எல்லாம் இவளால் வந்தது என்று நினைத்தாள். இவள் என்றால் தம்பி மனைவி. அவனுக்கு இப்படியெல்லாம் செய்யத் தெரியாது, இவள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாள். தன் அம்மாவைக் கவனிக்க நாத்தனாரை ஆயாவாக வரவழைத்திருக்கிறாள். வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிடுகிற வாய்! வயிறு எரிந்தது அக்காவுக்கு. எரியட்டும், காலையிலிருந்து அதில் வேறு ஒன்றும் விழவும் இல்லை.

"தொப்பி நல்லா இருக்கும்மா" என்று கதவு திறந்திருந்த உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

மாமியார் முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துப் படுத்திருந்தார். அறுபத்தெட்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டர். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து இணைத்துக் காது தீட்டியவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டாலும் அவருக்குக் கேட்கும்.

"நீ வாசல்ல பேசினது எல்லாம் கேட்டுச்சு. ஏதாவது சாப்பிட்டியா?"

"பசிக்கலை."

"பொய். பிரெட் இருக்கு, பழம் இருக்கு. எடுத்துட்டு இங்கயே வந்து உட்காரு."

அக்கா எடுத்துக்கொண்டு வரவில்லை. கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபத்தை யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டும்.

"உங்க பொண்ணு நல்ல ஏற்பாடுதான் பண்ணியிருக்கா" என்றாள்.

மாமியார் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் பொண்ணை நீ திட்டு, நான் வேணாங்கலை. அவளைத் திட்ட நூறு காரணம் இருக்கு, நானே எடுத்துத் தரேன். ஆனா இதுக்குத் திட்டாதே."

"ஏன்?"

"வேணாம் விடு. அப்புறம் நான் குடும்பத்தைப் பிரிச்சேன்னு வரும்."

"சொல்லுங்கம்மா. இதுக்கு மேல என்ன இருக்கு?"

"மூணு பேருக்குத்தான் கப்பல்ல இடம் போட்டாங்க. மூணாவது ஆள் நான். ஒரு மாசத்துக்கு முன்னால குளியலறையில விழுந்து இப்படி ஆயிட்டேன். என் இடத்துல வேற ஆளை மாத்திக்கலாம், பத்து நாள் டைம் இருக்குன்னு ஏஜென்ட் போன்ல சொன்னாரு. அப்போ இவ என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணியைக் கூட்டிட்டுப் போகலாம், பாவம் எங்கயுமே போனதில்லை, அம்மாவுக்கு ஆறு நாளைக்கு ஒரு நர்ஸ் வச்சுக்கலாம்'னா. இந்த ரூம்ல, இதோ இந்த நாற்காலிகிட்ட நின்னுதான் சொன்னா."

அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் தம்பிதான் வேணாம்னான். 'அக்காவுக்குக் கப்பல் எல்லாம் பிடிக்காது. அவளுக்கு வீட்டுல யாரையாவது பார்த்துக்கறதுதான் பிடிக்கும்'னான்."

பிடிக்காது. பிடிக்கும். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறான்! அவனுக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் கண்விழித்தது அவளுக்குப் பிடித்திருந்ததாம். அவன் படிக்கும் வரைக்கும் இரண்டு அச்சகத்தில் மாறி மாறி வேலை பார்த்தது பிடித்திருந்ததாம். கேட்டானா ஒரு நாளாவது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். கேட்டிருக்கலாம் அல்லவா?

"அந்த மூணாவது இடம்?" என்றாள் அக்கா.

"காலியாத்தான் போகுது."

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கூடவே வெட்கமும் வந்தது, இந்த வயதில் கப்பலுக்காக அழுகிறோமே என்று. கப்பலுக்காக இல்லை என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தது போலும், அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. தம்பி உற்சாகமாகப் பேசினான்.

"அக்கா, நாங்க கரெக்டா மூணு அம்பத்தஞ்சுக்கு ஏறிட்டோம்! ஆனா கப்பல் இன்னும் கிளம்பலை. ஏதோ யந்திரக் கோளாறாம், நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத்தான் கிளம்புமாம். இங்கயே சாப்பாடு, இங்கயே பாட்டுக் கச்சேரி. அத்தைக்கு மாத்திரை கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன். கப்பலை விட்டு இறங்க விடுவாங்களா?"

"விடுவாங்க. காலையில ஏழு மணிக்குள்ள திரும்பிடணும். ஏன்?"

"எனக்குக் கப்பல் பிடிக்காதுன்னு உனக்கு யார் சொன்னது?"

தம்பி பாட்டுச் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது.

"அத்தை ஏதாவது சொன்னாங்களா?" என்றான். குரலில் உற்சாகம் இல்லை. "அக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்? அடுத்த வருஷம் நாம போகலாம். நாம மூணு பேரும் சேர்ந்து போகலாம். இந்த ஆறு நாளை மட்டும் நாம எப்படியாவது சமாளிச்சுட்டோம்னா போதும்."

ஒரே மூச்சில் மூன்று தடவை 'நாம' சொன்னான். மூன்றும் இலக்கணப்படி சரி. கப்பலில் ஏறும்போது 'நாங்க', சமாளிக்கும்போது 'நாம'. அவனுக்குத் தமிழ் தேயவே இல்லை, நன்றாகவே தெரிந்திருந்தது.

"காலையில ஏழு மணிக்கு எனக்கு ரயில்" என்றாள் அக்கா. "தண்டவாளத்தைச் சரிபண்ணியாச்சுன்னு செய்தியில சொன்னாங்க. ஆறு மணிக்குள்ள உங்கள்ல ஒருத்தர் இங்க வந்துடுங்க. நீ வந்தாலும் சரி, அவ வந்தாலும் சரி."

"விளையாடாதேக்கா."

"விளையாடலை."

"சரி, இரு" என்றான். அவன் போனை உள்ளங்கையால் பொத்தியது தெரிந்தது. சரியாகப் பொத்தவில்லை. தம்பி மனைவி படபடவென்று ஏதோ கேட்க, அவன் அவளுக்குச் சமாதானம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

"அட, சும்மா மிரட்டறாடி. நம்மளை விட்டா அவளுக்கு யாரு இருக்கா? எங்க போயிடப் போறா?"

அக்கா போனை வைத்துவிட்டாள். கைப்பேசியிலேயே நாளைக் காலை ஏழு மணி ரயிலைத் தேடி, ஓர் இடம் பதிவு செய்தாள். பெயர், வயது, தேதி எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் விரலை எடுத்தாள். மறுபடி கைப்பேசி அடித்தது. தம்பி மனைவி. எடுக்கவில்லை.

"ஏம்மா" என்று மாமியார் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். "ஒரு மணி நேரமா அடக்கிட்டு இருக்கேன். பாத்ரூம் போகணும்."

அக்கா எழுந்து போனாள். குனிந்து, மாமியாரின் கைகளை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்து, இடுப்பு திரும்பாமல் மெதுவாகத் தூக்கினாள். அந்த அம்மாளின் மொத்தப் பாரமும் அவள்மேல் வந்து இறங்கியது. முழங்கால் மறுபடி சுரீர் என்றது.

"நிஜமாவே போகப் போறியாம்மா?"

"போறேன்."

"போகணும். உன் இடத்துல நான் இருந்தாலும் போயிடுவேன்" என்றார் மாமியார். இரண்டு அடி நகர்ந்தார்கள். கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

"ஆனா, ஆறு மணிக்கு அவங்க ரெண்டு பேருமே வரலைன்னா?"